கறியைக் குறைக்கச் சொல்வது யார், யாரிடம்?

சுற்றுச்சூழல் பயிலரங்குகளுக்குப் போய்வரும் நம் மாணவத் தோழர்கள் அண்மைக்காலமாக ஒரே கேள்வியோடு திரும்புகிறார்கள். "புவி சூடாவதற்குக் கறி தின்பதும் ஒரு காரணமாம். கறியைக் குறைத்துக்கொள்கிறேன் என்று உறுதிமொழி எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?" வாடிப்பட்டிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து மதுரைக் கல்லூரிகளுக்குப் பேருந்து ஏறும் பிள்ளைகளுக்கு இது ஏட்டுக் கேள்வி இல்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் என்ன குழம்பு என்பதை விடுதியில் மறைத்துப் பேசப் பழகியவர்கள் அவர்கள். மறைக்க இதுவரை சாதி ஒன்றுதான் காரணமாக இருந்தது. இப்போது அறிவியலும் சேர்ந்துகொள்கிறதோ என்ற குழப்பம் அவர்களுக்கு.

முதலில் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுவோம். அறிவியல் பொய் சொல்லவில்லை. மாடும் ஆடும் அசைபோடும்போது மீத்தேன் வெளியேறுகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது கரியமில வாயுவைப்போல ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். மனிதர்களால் வெளியாகும் பசுங்குடில் வாயுக்களில் 14.5 சதவீதம் கால்நடை வளர்ப்பிலிருந்து வருகிறது என்று ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 2013-ல் கணக்கிட்டது. வெயில் கூடினால் முதலில் சுருண்டு விழுவது நூறு நாள் வேலைக்குப் போகும் நம் தாய்மார்கள்தான். வைகை வறண்டால் முதலில் கூலி போவது நிலமில்லாத நமக்குத்தான். ஆகவே "இதெல்லாம் பார்ப்பனச் சதி" என்று ஒரு வரியில் தள்ளிவிட்டுப் போகும் வசதி நமக்கு இல்லை.

ஆனால் "கறியைக் குறை" என்ற சொல் இந்த மண்ணில் வெறும் காற்றில் வந்து விழுவதில்லை. அதற்கு முன்னால் நூற்றாண்டுக் கணக்கில் ஒரு வரலாறு நிற்கிறது. அந்த வரலாறு தெரியாமல் உறுதிமொழியில் கையெழுத்துப் போடுவதும் தவறு, தெரியாமல் அதைக் கிழித்துப் போடுவதும் தவறு.

மதுரையிலிருந்தே தொடங்கலாம். கீழடியில் கிடைத்த எலும்புத் துண்டுகளை ஆராய்ந்த அறிக்கையைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-ல் வெளியிட்டது. திமில் மாடு, எருமை, ஆடு, மான், காட்டுப்பன்றி, மயில் எல்லாம் அதில் இருக்கின்றன. சில எலும்புகளில் வெட்டுக் காயங்கள் உண்டு. உண்பதற்காக வெட்டிய தடம் அது. சங்கப் பாடல்களில் கறிச்சோறு உண்ணாத ஆளைத் தேடினால்தான் கிடைக்கும். பார்ப்பனப் புலவரான கபிலரே, தம் கை மென்மையாக இருப்பது கறியும் சோறும் உண்ணும் வேலையைத் தவிர வேறு வேலை அறியாததால்தான் என்று சேர மன்னனிடம் சொல்கிறார். புறநானூற்றின் 14-ஆம் பாடல். அந்தக் காலத்தில் இலையில் கறி இருந்தது ஒருவரைக் கீழிறக்கவில்லை.

பிறகு எப்படி இறங்கியது? அண்ணல் அம்பேத்கர் 1948-ல் 'தீண்டப்படாதோர் யார்?' என்ற நூலில் இந்தக் கேள்வியைத்தான் கையில் எடுத்தார். பவுத்தத்தோடு நடந்த போட்டியில் வெல்வதற்காகப் பார்ப்பனர்கள் மாட்டுக்கறியைக் கைவிட்டார்கள். மற்றவர்கள் அவர்களைப் பார்த்துக் கைவிட்டார்கள். சிதறுண்டு ஊருக்கு வெளியே வாழ்ந்த பவுத்த மக்கள், செத்த மாட்டைத் தின்று வாழ வேண்டிய நிலையில் இருந்ததால், தீண்டப்படாதோர் ஆக்கப்பட்டார்கள் என்பது அவர் வாதம். தீண்டாமை பிறந்த காலம் ஏறத்தாழ கி.பி. 400 என்றும் சொன்னார். இந்த வாதத்தை வரலாற்றாசிரியர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். விவாதிக்கட்டும். உணவு தானாகத் தாழ்ந்ததில்லை, ஓர் அதிகாரப் போட்டியில் தாழ்த்தப்பட்டது என்ற அதன் மையத்தை நாம் பிடித்துக்கொண்டால் போதும்.

நம் மொழியே அதற்குச் சாட்சி. புலால், புலவு, புலை என்று கறியைக் குறிக்கும் சொற்களுக்குப் பக்கத்திலேயே புலையர் என்ற மக்களின் பெயர் நிற்கிறது. கறி தின்னாததற்குத் தமிழில் தனிச்சொல் உண்டாகவில்லை. ஒரு சமயத்தின் பெயரை எடுத்து 'சைவம்' என்று வைத்துக்கொண்டோம். மற்றது எல்லாம் 'அ-சைவம்'. தமிழ்நாட்டில் கறி தின்பவர்கள் 97 சதவீதத்துக்கு மேல் என்று 2014-ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவு ஆய்வு சொல்கிறது. நூற்றில் மூன்று பேர் கூட இல்லாதவர்களின் உணவு இயல்பானதாகவும், தொண்ணூற்றேழு பேரின் உணவு அதன் எதிர்மறையாகவும் பெயர் பெற்ற விந்தை உலகில் வேறெங்கும் உண்டா தெரியாது!

அம்பேத்கர் அந்த நூலை மூன்று பேருக்குக் காணிக்கையாக்கினார். அதில் ஒருவர் நம் நந்தனார். பெரியபுராணம் நந்தனாரின் தொண்டு என்று எதைச் சொல்கிறது தெரியுமா? கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுத்து வந்தார் என்கிறது. மூன்றும் செத்த மாட்டிலிருந்து வருபவை. தோல் உள்ளே போனது. நரம்பு உள்ளே போனது. மாட்டின் பித்தப்பையிலிருந்து எடுத்தது கருவறை வரைக்கும் போனது. உரித்தவர் மட்டும் வெளியே நின்றார்.

இதே கதை நம் பக்கத்துக் கிணற்றடியிலும் நடந்தது. பெரியாறு அணை 1895-ல் திறக்கப்பட்டு, பேரணையிலிருந்து கால்வாய் வந்தபிறகு வாடிப்பட்டிச் சமவெளி நெல் பூமியாக மாறியது. பேரணை முதல் கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோகப் பாசனம் என்று அரசுக் கணக்குச் சொல்லும். கால்வாய் எட்டாத மேட்டு நிலங்களுக்குக் கமலைக் கிணறுதான். கமலைச் சாலின் அடியில் ஒரு தோல் வால் இருக்கும்; சால் மேலே வந்ததும் அந்த வால் வழியாகத்தான் தண்ணீர் தொட்டியில் கொட்டும். அது கிழிந்தால் அன்றைக்கு இறைப்பு இல்லை. அந்த வாலைத் தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததிய மக்கள். செத்த மாட்டைத் தூக்கிப்போய், உரித்து, ஆவாரம் பட்டையில் ஊறவைத்துப் பதமாக்கி, வாலாகவும் வாராகவும் செருப்பாகவும் திருப்பிக் கொடுத்தார்கள். கூலி, அறுப்பில் கிடைக்கும் தானியம். மாட்டின் கறியைக் கூறுபோட்டுப் பகிர்ந்தார்கள்; மிஞ்சியதை உப்புக்கண்டம் போட்டு மழைக்காலத்துக்கு வைத்தார்கள். குடல், ஈரல், ரத்தம், கொழுப்பு, எதுவும் வீணாகவில்லை. தோலில் ஒரு பகுதி தப்புக்கும் மேளத்துக்கும் போனது. வாடிப்பட்டி மேளம் என்று ஊர்ப்பெயரைச் சேர்த்தே தமிழ்நாடு சொல்கிறதே, அந்த முழக்கத்துக்குள்ளும் ஒரு மாட்டின் தோலும் அதை உரித்தவரின் உழைப்பும் இருக்கின்றன.

'கழிவில்லா வாழ்க்கை' என்று இன்று கருத்தரங்கு போட்டுப் பேசுகிறார்கள். அதை வாழ்ந்து காட்டியவர்களுக்கு ஊர் வைத்த பெயர் அழுக்கு. அவர்கள் தைத்த தோல் வழியாக வந்த தண்ணீர் வயலுக்குத் தீட்டில்லை. அவர்கள் அதே கிணற்றில் இறங்கினால் தீட்டு. இதை நாம் பெருமையாகக் கொண்டாட வேண்டும் என்று சொல்லவரவில்லை. அது கட்டாய உழைப்பு. செத்த மாட்டைத் தின்றது பசியால். மின்மோட்டார் வந்ததும் கமலை போனது, கமலையோடு அந்தத் தானியக் கூலியும் போனது. அதற்கு மாற்றாக ஒரு காணி நிலம் கூட யாரும் கொடுக்கவில்லை. குரோமியம் வைத்துப் பதனிடும் தொழிற்சாலைகள் திண்டுக்கல்லிலும் வேலூர்ப் பக்கமும் பெருகின. நிலத்தடி நீர் கெட்டது. பாலாற்றுப் படுகை நாசமானது குறித்து 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் அளவுக்குப் போயிற்று. லாபம் பார்த்தவர் ஒருவர், சுண்ணாம்புக் குழிக்குள் காலை விட்டு நின்றவர் வேறொருவர்.

நம் மக்கள் கறியைக் கைவிட்ட வரலாறும் உண்டு. உறுதிமொழி கேட்டுவரும் தோழர்களுக்கு அதுதான் முக்கியமாகத் தெரிய வேண்டும்.

1927 மார்ச் 19, 20 தேதிகளில் மகத் நகரில் நடந்த மாநாட்டில் அம்பேத்கர், செத்த மாட்டின் கறியைத் தின்பதை விட்டொழியுங்கள் என்று மக்களிடம் கேட்டுக்கொண்டார். அதே மாநாட்டு மக்கள்தான் ஊர்வலமாகப் போய்ச் சவுதார் குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடித்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு கையால் ஊர் வீசியெறிந்ததை மறுத்தார்கள், இன்னொரு கையால் ஊர் மறுத்ததை எடுத்துக்கொண்டார்கள். செத்த மாடு தூக்கும் ஊழியத்தையும் விடச் சொன்னார் அம்பேத்கர்.

ஏறத்தாழ அதே காலத்தில் காந்தியும் இதே வேண்டுகோளை வைத்தார். தம் அரிசன யாத்திரையில் 1934 ஜனவரியில் மதுரைக்கும் வந்தார். மாட்டுக்கறியை விடுங்கள், செத்ததைத் தின்னாதீர்கள், சுத்தமாக இருங்கள் என்பது அந்தப் பயணக் காலம் முழுவதும் அவர் நம் மக்களுக்குச் சொல்லிவந்த புத்திமதி. மேலோட்டமாகப் பார்த்தால் இருவரும் ஒன்றையே சொன்னதுபோல இருக்கும். ஆனால் காந்தி சொன்னதில், நாம் மாறினால் அவர்கள் நம்மை ஏற்பார்கள் என்ற எதிர்பார்ப்பு ஒளிந்திருக்கிறது. அம்பேத்கர் சொன்னதில் அவர்கள் ஏற்பதைப் பற்றிய பேச்சே இல்லை. மகத்தில் தண்ணீர் குடித்த அன்றே சாதி இந்துக்கள் அடிக்க வந்தார்கள். பின்பு பானை பானையாகப் பஞ்சகவ்யம் ஊற்றிக் குளத்தைத் 'தூய்மை'யாக்கினார்கள். கறியை விட்டவர்களையும் சேர்த்துத்தான் அடித்தார்கள்.

தமிழ்நாட்டிலும் சேரிக்குச் சேரி இந்த மறுப்பு நடந்திருக்கிறது. செத்த மாடு தூக்க மாட்டோம், சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று சொன்ன ஊர்களில் நம் மக்கள் வாங்கிய அடிக்கும் ஊர்விலக்கத்துக்கும் கணக்கில்லை. 2016 ஜூலையில் குஜராத்தின் உனாவில், செத்த பசுவின் தோலை உரித்த இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். பதிலுக்கு அங்குள்ள தலித் மக்கள் செத்த மாடுகளைக் கொண்டுபோய்ச் சுரேந்திரநகர் ஆட்சியர் அலுவலகத்தின் முன்னால் போட்டார்கள். இனி நீங்களே அப்புறப்படுத்துங்கள் என்றார்கள். நாற்றம் வந்தபிறகுதான் அது எவ்வளவு பெரிய சுற்றுச்சூழல் வேலை என்று மாவட்ட நிர்வாகத்துக்கு விளங்கியது.

இதில் நம் வீட்டுக்குள் இருக்கும் ஓட்டையையும் சொல்ல வேண்டும். பட்டியல் சாதிகளுக்குள்ளேயே "நாங்கள் மாட்டுக்கறி தொடமாட்டோம், அவர்கள்தான் தின்பார்கள்" என்று பெருமை பேசுவது மதுரை மாவட்டத்தில் புதிதல்ல. ஒருவர் தம் விருப்பத்தால் தின்னாமல் இருப்பது அவர் உரிமை. அதையே ஏணியாக்கி இன்னொருவரின் தலையில் கால் வைப்பது மகத் காட்டிய வழியில்லை.

சட்டத்தின் பக்கம் வருவோம். விரைவாகவே சொல்லிவிடலாம், ஏனென்றால் எல்லாம் ஒரே திசையில்தான் போகிறது. கோயில்களில் கிடா, கோழி பலியிடுவதைத் தடுக்க 1950-ல் ஒரு சட்டம். தூங்கிக்கிடந்த அந்தச் சட்டத்தை 2003-ல் ஜெயலலிதா அரசு எழுப்பியது. பாண்டிமுனிக்கும் கருப்புக்கும் கிடா வெட்டும் மதுரைச் சீமையில் இது என்ன பாடுபட்டிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 2004 பிப்ரவரியில் சட்டத்தையே விலக்கிக்கொண்டார்கள். பசுவதைத் தடுப்பு ஆணை வந்தது 1976 ஆகஸ்டில். நெருக்கடி நிலை, சட்டமன்றம் இல்லாத குடியரசுத் தலைவர் ஆட்சிக் காலம்.

2017-ஐ மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அலங்காநல்லூரும் பாலமேடும் நம் வாடிப்பட்டி வட்டத்து ஊர்கள். அந்த ஜனவரியில் தமிழ்நாடே காளைக்காகத் திரண்டது. நாட்டு மாடு அழிகிறது என்று நகரத்து இளைஞர்கள் முழங்கினார்கள். ஒரே வாரத்தில் சட்டம் வந்தது. நான்கு மாதம் கழித்து, மே 23 அன்று, ஒன்றிய அரசு கால்நடைச் சந்தை விதிகளை வெளியிட்டது: சந்தையில் மாட்டை அடிமாடாக விற்கக் கூடாது. பசு, காளை, எருமை, கன்று, ஒட்டகம் வரை பட்டியலில் இருந்தன. ஆடு இல்லை. வயலையும் தொழுவத்தையும் அறிந்த யாருக்கும் தெரியும், பால் வற்றிய மாட்டையும் காளங்கன்றையும் விற்க முடியாத குடியானவன் அடுத்த கறவை மாட்டை வாங்க முடியாது. நாட்டு மாட்டை உண்மையிலேயே அழிக்கக்கூடிய விதி அது. ஜனவரியில் கடலாகத் திரண்ட கூட்டம் மே மாதத்தில் எங்கே போனது? மதுரையைச் சேர்ந்த ஒரு வழக்கறிஞர் தொடுத்த பொதுநல வழக்கில், மே 30 அன்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்த விதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுமைக்கும் நீட்டித்தது.

இப்போது பயிலரங்கின் கணக்குக்குத் திரும்புவோம். 2019-ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் மாடும் எருமையுமாக ஏறத்தாழ 30 கோடி. இவற்றை யாரும் கறிக்காக வளர்க்கவில்லை. பிரேசிலில் நடப்பதுபோலக் காட்டை அழித்து மேய்ச்சல் நிலமாக்கிக் கறி மாடு வளர்க்கும் பண்ணைகள் இங்கே இல்லை. இங்கே மாடு பாலுக்கு. உலகிலேயே அதிகப் பால் நம் நாட்டில்தான். பால் கறக்க வேண்டுமானால் மாடு கன்று ஈன வேண்டும். ஈனும் கன்றில் பாதி காளங்கன்று. உழவுக்கு டிராக்டர் வந்தபிறகு அதற்கு வேலை இல்லை. ஆக, மீத்தேனை உண்டாக்கும் மந்தை காப்பிக்கும் தயிருக்கும் நெய்க்கும் பன்னீருக்கும்தான் நிற்கிறது. கடைசியில் அதன் கறியைத் தின்பவர், பால் குடித்தவர் தொடங்கிய கணக்கை முடித்துவைக்கிறார். தின்னாவிட்டால் அந்த மாடு இன்னும் பத்தாண்டு தெருவில் அசைபோட்டுக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான்.

பூரும் நெமெசெக்கும் 119 நாடுகளின் ஏறத்தாழ 38,700 பண்ணைகளை ஆராய்ந்து 2018-ல் வெளியிட்ட ஆய்வை எல்லாப் பயிலரங்கிலும் காட்டுகிறார்கள். அதன் எண்களை நாமும் படிப்போம். 100 கிராம் புரதத்துக்கு வெளியாகும் வாயு, உலகச் சராசரியில்: கறிக்கென்றே வளர்த்த மாட்டுக்கு 50 கிலோ, பால் மந்தையிலிருந்து வரும் மாட்டுக்கறிக்கு 17, ஆட்டுக்கறிக்கு 20, பாலாடைக்கட்டிக்கு 11, பாலுக்கு 9.5, கோழிக்கு 6, முட்டைக்கு 4. பருப்பு வகைகளுக்கு ஒன்றுக்கும் கீழே. ஆக, கல்யாண வீட்டு மட்டன் பிரியாணி நம் மாட்டுக்கறிக் குழம்பைவிடக் கூடுதல் சுமை. பால் பொருளையே நம்பியிருக்கும் 'தூய சைவ'த் தட்டு, கோழியை முந்திவிடும். ஆனால் மட்டனைப் பார்த்து யாரும் முகம் சுளிப்பதில்லை. பன்னீரை விடச் சொல்லி உறுதிமொழி கேட்பதில்லை.

அளவையும் பாருங்கள். ஓர் அமெரிக்கர் ஆண்டுக்கு 100 கிலோவுக்கு மேல் கறி தின்கிறார். இந்தியச் சராசரி 5 கிலோ அளவில்தான். தமிழ்நாட்டில் சற்றுக் கூடும். 2019-ல் ஈட்-லான்செட் ஆணையம் புவிக்கும் உடம்புக்கும் ஏற்றது என்று வகுத்த உணவில், கோழியும் சேர்த்து நாளுக்கு 43 கிராம் கறி இருக்கிறது. ஆண்டுக்கு 15 கிலோவைத் தாண்டும். உலக அறிவியலாளர்கள் உலகைக் காப்பாற்ற வகுத்த அளவை நம் தட்டு இன்னும் எட்டவே இல்லை. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்று தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்லும் ஊரில், மலிவாகக் கிடைக்கும் இரும்புச் சத்தை எடுத்து வை என்பவர் யாருடைய பாவத்துக்கு யாரிடம் வரி வசூலிக்கிறார்?

அதற்காக நம்மிடம் குறைக்க எதுவுமே இல்லை என்று சொல்லவில்லை. நகரத்தில் வேலைக்குப் போன நம் பிள்ளைகளின் தட்டில் இன்று நிறைந்திருப்பது சேரியின் உப்புக்கண்டம் இல்லை, வாளிப் பிரியாணி. அதில் இருப்பது பிராய்லர் கோழி. மக்காச்சோளமும் சோயாவும் தின்று ஆறு வாரத்தில் எடை ஏறும் கோழி. கம்பும் சோளமும் விளைந்த மானாவாரி நிலத்தைத் தீவன மக்காச்சோளமாக மாற்றும் கோழி. அதன் லாபம் கம்பெனிக்கு, கொட்டகையில் எரு அள்ளும் வேலை நமக்கு. வாரத்தில் மூன்று நாள் அதைத் தின்பவர் ஒரு நாளாகக் குறைத்தால் உடம்புக்கும் நல்லது, கம்பு விளையும் நிலத்துக்கும் நல்லது. அந்தக் குறைப்பு நம் கணக்கில் நாமே போடும் குறைப்பாக இருக்கட்டும். உறுதிமொழித் தாளில் கையெழுத்துப் போடும் முன்னால் தோழர்கள் எழுந்து மூன்று கேள்வி கேட்கட்டும்: இதில் பாலும் நெய்யும் ஏன் இல்லை? ஆண்டுக்கு எத்தனை கிலோ தின்பவருக்கு இது? தின்ன வழியில்லாதவருக்கு நீங்கள் தருவது என்ன?

மூன்றாவது கேள்விக்கு மதுரையிலேயே ஒரு வேலை காத்திருக்கிறது. சத்துணவில் முட்டை 1989-ல் வந்தது. 2010-ல் வாரம் ஐந்தாக உயர்ந்தது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரையில்தான் தொடங்கியது. உப்புமா, கிச்சடி, பொங்கல், சாம்பார் என்று பட்டியல் போட்டார்கள். முட்டை இல்லை. பள்ளி மேலாண்மைக் குழுக்களில் நம் பெற்றோர்கள் இருக்கிறார்கள். வாடிப்பட்டி வட்டத்தின் ஒவ்வொரு தொடக்கப் பள்ளியிலும் அடுத்த குழுக் கூட்டத்தில், காலைத் தட்டிலும் ஒரு முட்டை வேண்டும் என்று தீர்மானம் எழுதி வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள்.